ஒன்பதாம் நம்பர் தோட்டத்துத் தித்திப்பு டாக்

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஃப்ரீடா ஹெல்லிவெல் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறக் கொஞ்சம் பொறுமை வேண்டும். யார்க்ஷயர் மலைப் பள்ளத்தாக்கு ஊரான லம்ராய்டில் சனம் ஏறி உட்கார்ந்து, சில்லறை கொடுத்து, ஜன்னலையும் துடைத்துவிட்டுப் பார்க்கும். வண்டி நகராது. எட்டிப் பார்த்தால் டிரைவர் சீட் காலி. அம்மாள் கீழே இறங்கி, ஸ்டாப்பை ஒட்டிய கல்சுவர் இடுக்கில் முளைத்த டாண்டிலியன் களையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

“வேர் பாதியில அறுந்தா ஒண்ணு நாலா முளைக்கும். கொஞ்சம் பொறுங்க ராசா, வந்துடுறேன்!”

“ஃப்ரீடா, எனக்கு டாக்டர்கிட்ட டைம் குடுத்திருக்காங்க!”

“இடுப்புவலிக்குத்தானே? இறங்கி வந்து இதை ஒரு இழு இழு. டாக்டரே வேணாம்.”

பஸ் சிரிக்கும். இறங்கி வந்து இழுத்தவர்களும் உண்டு. அவளைப் பற்றிப் புகார் எழுதவேண்டும் என்று கிளம்பியவர்கள் எல்லாம், கடைசியில் அவள் கொடுத்த ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், “வசந்தத்துல நேரமில்ல, குளிர்காலத்துல மனசில்ல” என்பாள். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது வாடகை வீடு ஒன்று, பஸ் ஒன்று, கால்வாய்க்கு மேலே மலைச்சரிவில் நகரசபை குத்தகைக்கு விட்டிருக்கிற காய்கறித் தோட்டங்களில் ஒன்பதாம் நம்பர். முதல் இரண்டையும் யாராவது கேட்டால் கொடுத்திருப்பாள். மூன்றாவது அவளுடைய உயிர்.

அந்த உயிருக்குத்தான் அந்த வருஷம் ஆபத்து வந்தது. ஜனவரிப் பனியில் தபால் ஆபீஸ் வாசலில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு பிரித்தபோது மார்ச் போய்விட்டது. தோட்டத்துக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். போன வருஷத்து முட்டைக்கோஸ் பாத்தியைக் காணவில்லை. பட்டாணிப் பந்தல் கழிகளில் பட்டாணிக்குப் பதிலாகச் சுற்றுக்கொடி ஏறி உட்கார்ந்திருந்தது. அறுகு மாதிரி ஒரு புல் உண்டு அந்தப் பக்கத்தில், அது பாதையையே விழுங்கியிருந்தது. காஞ்சொறி இடுப்பளவு.

வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். ஃப்ரீடா வாய்விட்டுச் சிரித்தாள்.

“அடப்பாவிகளா! மூணு மாசம் ஆள் இல்லைன்னா இப்படியா கல்யாணம் வச்சுக் கூத்தடிப்பீங்க?”

பின்னாலிருந்து ஒரு தொண்டை கனைத்தது. தோட்டக்காரர் சங்கத் தலைவி மிஸஸ் பிக்கிள்ஸ். பெயர்தான் ஊறுகாய் என்றில்லை, முகமும் அப்படித்தான், நாலு வருஷம் ஜாடியில் ஊறியது. அந்தப் பள்ளத்தாக்கில் பிக்கிள்ஸ் என்ற குடும்பங்கள் ஏராளம். ஆனால் பெயருக்குப் பொருத்தமாக வாழ்ந்து காட்டியவர் இவர் ஒருவர்தான்.

“மிஸ் ஹெல்லிவெல், கை எப்படி இருக்கு?”

“களை பிடுங்கணும்னு துடிக்குது.”

“துடிக்கட்டும். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சங்கம் சுத்திப் பார்க்க வருது. முக்காவாசி நிலத்துல பயிர் நிக்கணும். நல்லா கேட்டுக்குங்க, பயிர். கொத்திப்போட்ட வெறும் மண்ணு கணக்குல வராது. இல்லேன்னா காத்திருக்கிறவங்க வரிசையில அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவோம். எனக்கும் வேற வழியில்ல.”

வழியில்லை என்று சொல்லும்போது அவர் கண் ஒன்பதாம் நம்பரின் அடிப்பாகத்தை, ஓடை ஓரத்து ஈரமான பகுதியை, ஒரு தடவை தடவிவிட்டு வந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

அந்த அடிப்பாகத்தில் தித்திப்பு டாக் என்கிற கீரை அடர்ந்து கிடந்தது. தித்திப்பு என்பது சும்மா பெயருக்கு. வாயில் போட்டால் புளிச்சக்கீரைக்குத் தூரத்து உறவு போலிருக்கும். ஈஸ்டர் வாக்கில் அந்தக் கீரையையும் காஞ்சொறித் தளிரையும் வெங்காயத்தோடு வேகவைத்து, ஓட்ஸ் தூவிக் கிளறி, ஆறியதும் பன்றிக் கொழுப்பில் துண்டு துண்டாகப் பொரித்துச் சாப்பிடுவார்கள். டாக் புட்டிங் என்று பெயர். பார்க்கச் சாணி உருண்டை மாதிரி இருக்கும். அதற்காக அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் அண்ணன் தம்பியோடு பேச்சை நிறுத்துவார்கள். சிற்றாலயத்துச் சாப்பல் ஹாலில் வருஷாவருஷம் போட்டி வேறு. கோப்பை எப்போதும் மிஸஸ் பிக்கிள்ஸுக்கு, இரண்டாம் இடம் எப்போதும் ஃப்ரீடாவுக்கு. ஃப்ரீடா அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. மிஸஸ் பிக்கிள்ஸ்தான் கவலைப்பட்டார். இரண்டாம் இடம் என்பது முதல் இடத்தின் கழுத்தில் மூச்சு விடுகிற இடம் அல்லவா?

சரி, வேலை. களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்பார்கள் நம் பக்கத்தில். இங்கே பயிரே இல்லை, முழுக்கக் களை. பஸ் ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மோடு ஓடிவந்து, பூட்ஸை மாற்றிக்கொண்டு, குப்புற விழாத குறையாக மண்ணில் பாய்வாள். ஏப்ரல் வெளிச்சம் சாயங்காலம் நீண்டுகொண்டே போனது. மழை வந்தது, வெயில் வந்தது, இரண்டும் சேர்ந்து வந்தது, நடுவில் ஒருநாள் ஆலங்கட்டியும் வந்தது. ஃப்ரீடா எதற்கும் எழுந்திருக்கவில்லை. சுற்றுக்கொடியின் வெள்ளை வேரை இடியாப்பச் சிக்கல் பிரிப்பதுபோல் இழுத்து இழுத்து எடுத்தாள். நீளமாக ஒன்று அறுபடாமல் வந்துவிட்டால் அதைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு பாதையில் ஒரு ஆட்டம். தேவாலயப் பாட்டு மெட்டுக்குக் களைகளைத் திட்டி வார்த்தை போட்டுப் பாடினாள். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கரும்பறவை ஒன்று புழுவுக்காக அவள் பின்னாலேயே நடந்தது, அதற்கும் அந்தப் பாட்டு பிடித்திருந்தது.

புனித வெள்ளியன்று உருளைக்கிழங்கு போட்டாள். அன்று போடாவிட்டால் கிழங்கு கோபித்துக்கொள்ளும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பிறகு பெரிய அவரை, வெங்காயம், பட்டாணி, லீக், முள்ளங்கி. மணிக்கட்டு ராத்திரியில் விண்விண் என்று தெறித்தது. பகலில் அவள் அதை மறந்தே போனாள். மண்ணைத் தொட்டால் அவளுக்கு அப்படி ஒரு போதை.

இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாம் நம்பர், க்ளிஃபர்ட் என்ட்விசில். மில்லில் தறி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவர் தோட்டத்தில் நூல் பிடிக்காமல் ஒரு முள்ளங்கிகூட முளைத்ததில்லை. வெங்காயங்கள் அட்டென்ஷனில் நிற்கும். நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை, மலைக்கு அந்தப் பக்கத்து லங்காஷயரில் பிறந்துவிட்டார். யார்க்ஷயருக்கு வந்து முப்பது வருஷமாகியும் ஊரில் அவர் இன்னும் வரத்து ஆள்தான். யார்க்ஷயர் வெள்ளை ரோஜாக்காரர்களும் லங்காஷயர் சிவப்பு ரோஜாக்காரர்களும் என்றைக்கோ போட்ட சண்டை, தோட்டத்து வேலியில் இன்னும் முள்ளாக இருந்தது. எல்லாம் விளையாட்டாகத்தான். விளையாட்டு என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு.

“மிஸ் ஹெல்லிவெல், நான் வேணா ஒரு கை குடுக்கட்டுங்களா?” என்று தினமும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்பார்.

“லங்காஷயர் கையா? வேணாம் ராசா. என் அவரைச்செடி பயந்து இடது பக்கமா சுத்திடும்.”

அவர் சிரித்துவிட்டுத் தன் நூலுக்குத் திரும்பிப் போவார். கேலி பாதி, வீம்பு பாதி. இன்னொருவர் கையால் காப்பாற்றப்பட்ட தோட்டம் தன் தோட்டமாக இருக்குமா என்பது ஃப்ரீடாவின் எண்ணம்.

சங்கம் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேல்பகுதி முழுக்கக் கறுத்த மண்ணில் பச்சை வரிசைகள். வரிசை கொஞ்சம் போதையில் நடந்த மாதிரி இருந்தது, ஆனாலும் வரிசை. அடியில் டாக். அதையும் சேர்த்தால் முக்காலுக்கு மேலேயே தேறும், அது இல்லாவிட்டால் தேறாது. அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தித்திப்பு டாக் உணவு என்று அந்தப் பள்ளத்தாக்கில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். மண் கிளறும் ஃபோர்க்கைத் தோளில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

தொட்டில் குழந்தைக்குத் தெரிந்தது க்ளிஃபர்டுக்குத் தெரியாது. வேலி வழியாகப் பார்த்தார். பாவம், மணிக்கட்டு விட்டுவிட்டது போலிருக்கிறது, கடைசி இரண்டு பாத்தி அளவுக்கு அப்படியே டாக் களை மண்டிக் கிடக்கிறது! அவர் ஊரில் டாக் என்றால் ஒன்றுதான், காஞ்சொறி அரித்தால் தேய்த்துக்கொள்கிற, கிணறு ஆழத்துக்கு வேர் விடுகிற காட்டுச் சனியன். ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக வந்து, முழங்காலுக்குச் சாக்கு கட்டிக்கொண்டு, ஓடை வரைக்கும் ஒன்று விடாமல் தோண்டி எடுத்தார். வேர் எல்லாம் கோணல்மாணலாக, பாம்பு மாதிரி வளைந்து வந்தது. இந்த ஊரில் களைகூட நேராக வளராது என்று நினைத்துக்கொண்டார். வரப்பில் ஒரு குவியல். மண்ணை வாரிச் சீவிவிட்டார். மெழுகிய தரை மாதிரி ஆகிவிட்டது.

ஃப்ரீடா டீ ஃப்ளாஸ்க்கும் காலைப் பலகாரத்துக்குப் பன்றி இறைச்சிப் பொட்டலமுமாக வந்து சேர்ந்தாள். கதவுக்குள் மூன்றடி வைத்தாள், நின்றாள். க்ளிஃபர்ட் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சேறும் சிரிப்புமாக நின்றிருந்தார்.

“ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லல, மிஸ் ஹெல்லிவெல்.”

“என் டாக் எங்க?”

“எல்லாம் போச்சு! ஒரு வேர் விடல.”

“யோவ்!”

க்ளிஃபர்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரை யாரும் யோவ் என்று கூப்பிட்டு நாளாகியிருந்தது.

“யோவ் க்ளிஃபர்ட்! அது தித்திப்பு டாக்குய்யா! கீரைய்யா! பயிருய்யா! வெறும் மண்ணு கணக்குல வராதுன்னு அந்த ஊறுகா ஜாடி படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போச்சு. இப்ப அந்தம்மா வந்து பார்த்தா என் தோட்டம் இன்னிக்கே போச்சு!”

“டாக்குன்னா… டாக் களைதானுங்களே?”

“முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்க! டாக் புட்டிங் தின்னதில்லையா நீ?”

க்ளிஃபர்ட் தொப்பியின் ஓரத்தை ஒரு சுற்று சுற்றினார்.

“யாரும் குடுத்ததில்லைங்களே.”

அவர் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் ஃப்ரீடாவுக்குக் காது மடல் வரை சூடேறிவிட்டது. ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேலி வேலியாகப் போய்த் துண்டு கொடுப்பாள். எட்டாம் நம்பருக்குக் கொடுப்பாள், பதினோராம் நம்பருக்குக் கொடுப்பாள். பத்தாம் நம்பரைத் தாண்டும்போது, “சிவப்பு ரோஜாக்காரங்க தொண்டையில இது இறங்காது” என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். தட்டு அவரிடம் ஒருநாளும் நின்றதில்லை. தோண்டிப் போட்ட கோபம் அவளுக்கு வந்த வேகத்திலேயே வடிந்தது. வெட்கம் மட்டும் மிஞ்சியது.

“எத்தனை மணிக்கு வராங்க?” என்றார் க்ளிஃபர்ட்.

“பத்துக்கு.”

“வேர் இன்னும் காயல. திருப்பி நட்டுடலாமா?”

ஃப்ரீடா அவரைப் பார்த்தாள். குவியலைப் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். டாக்கைத் திருப்பி நடுவதா! ஆதாம் ஏவாள் காலத்திலிருந்து அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் செய்யாத வேலை. அது பாட்டுக்கு முளைக்கும், சனம் பாட்டுக்குப் பறிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் க்ளிஃபர்ட் தன் பக்கத்திலிருந்து இரண்டு முளைக்குச்சியும் நூலும் கொண்டுவந்து கட்ட ஆரம்பித்திருந்தார்.

“நூல் எதுக்குய்யா?”

“நூல் இல்லாம எப்படிங்க நடுறது?” என்றார் உண்மையாகவே புரியாமல்.

விக்கல் வரும்வரை சிரித்தாள். பிறகு இருவரும் மண்டியிட்டார்கள். இலையோடு நட்டால் வாடித் தொங்கும் என்று அவள் தளிரையெல்லாம் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டே வந்தாள். குருத்து மட்டும் நின்ற வேரை அவர் ஒரே அளவு இடைவெளியில் நட்டுக்கொண்டே போனார். இவள் மண்ணை வாரி மேலே எறிந்தாள், அவர் தட்டிச் சமன் செய்தார். இவள் பாடினாள். இரண்டாவது வரிசையில் அவரும் மெல்லக் கூடச் சேர்ந்தார், அந்த வார்த்தைகளோடுதான். கரும்பறவை தலையைச் சாய்த்துப் பார்த்தது.

கூடை நிரம்பியதும் ஃப்ரீடாவுக்கு ஒன்று தோன்றியது. கிள்ளிய கீரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஷெட்டுக்குள் மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது, சட்டி இருந்தது, டப்பாவில் ஓட்ஸ் இருந்தது, கையில் பன்றி இறைச்சி இருந்தது. காஞ்சொறிக்கா பஞ்சம்?

“க்ளிஃப், வெங்காயம் வச்சிருக்கியா?”

அவர் போன வருஷத்துச் சரத்திலிருந்து ஒரு வெங்காயம் கொண்டுவந்தார். குழந்தை தலை அளவு இருந்தது.

பத்து மணிக்குச் சங்கம் வந்தது. முன்னால் மிஸஸ் பிக்கிள்ஸ், பின்னால் கமிட்டிக்காரர்கள் இருவர், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில். மேல்பகுதியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே கடந்தார்கள். ஓடை ஓரத்துக்கு வந்ததும் மிஸஸ் பிக்கிள்ஸின் நடை நின்றது. அளவெடுத்த மாதிரி வரிசைகள். நூல்கூட இன்னும் அவிழ்க்கப்படவில்லை. ஒவ்வொரு வரிசையிலும் மொட்டைக் குருத்துகள் சிப்பாய் மாதிரி நின்றன.

“இது என்ன கூத்து?”

“தித்திப்பு டாக்,” என்றாள் ஃப்ரீடா. அவள் பயந்திருந்தாள், நிஜமாகவே பயந்திருந்தாள். இந்தச் சரிவிலிருந்து வெறும் கையோடு இறங்கிப் போவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

“டாக்கை எவளாவது நடுவாளா? தானா முளைக்கிறது களை. களையை வரிசையில நட்டா பயிராயிடுமா? இது கணக்குல வராது, மிஸ் ஹெல்லிவெல். அப்ப உங்க நிலம் முக்கால் தேறல.”

“களைங்களா? அப்ப சாப்பல் ஹால்ல இத்தனை வருஷமா பாதிரியாருக்கு நீங்க களையா ஊட்டினீங்க?”

கமிட்டிக்காரர்களில் ஒருவர் இருமினார். மற்றவர் மேகத்தைப் பார்த்தார். மிஸஸ் பிக்கிள்ஸின் கழுத்து சிவந்தது.

“போட்டி வேற, சங்கத்து விதி வேற. விதியில டாக் இல்ல.”

அப்போதுதான் ஷெட்டிலிருந்து க்ளிஃபர்ட் வெளியே வந்தார், கையில் தட்டு, வாய் நிறையப் புட்டிங். எதற்காக எல்லோரும் இப்படி விறைத்து நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. மரியாதை தெரிந்த மனுஷர், விருந்தாளி வந்தால் கொடுக்கவேண்டும் என்று தட்டை நீட்டினார்.

“சூடா இருக்கு. சாப்பிடுறீங்களா?”

பொரித்த வாசனை மிஸஸ் பிக்கிள்ஸின் மூக்கில் ஏறியது. ஒரு கணம் அவர் தலைவியாக இருந்தார், அடுத்த கணம் போட்டிக்காரியாகிவிட்டார். கை தானாகப் போய் ஒரு துண்டை எடுத்தது. கண்ணை மூடி மென்றார். எட்டாம் நம்பரும் பதினோராம் நம்பரும் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தன.

“உப்பு பத்தல,” என்றார். “வெங்காயம் தூக்கலா இருக்கு. அதோட ஓட்ஸை முன்னாடியே போட்டுட்டீங்க, கொழகொழன்னு போயிடுச்சு. எப்பவும் இதே தப்புதான். இதனாலதான் உங்களுக்கு எப்பவும் ரெண்டாவது.”

“ஏங்க,” என்றார் க்ளிஃபர்ட், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில், “களைக்கு யாராவது உப்பு பார்ப்பாங்களா?”

முதலில் சிரித்தது மேகம் பார்த்துக்கொண்டிருந்தவர். அடுத்து இருமிக்கொண்டிருந்தவர். ஃப்ரீடா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக் கடித்து, தோற்று, தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எட்டாம் நம்பர் சிரித்தது, பதினோராம் நம்பர் சிரித்தது. மிஸஸ் பிக்கிள்ஸ் வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று யோசித்து, நல்ல சாப்பாட்டைத் துப்பப் பிடிக்காமல் விழுங்கினார்.

“பயிர்,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “எழுதிக்குங்க. ஒன்பதாம் நம்பர், சரி.” இரண்டடி போனவர் திரும்பி, மூன்றாவது வரிசைக் கடைசியில் ஒரு குருத்தைக் காலணி நுனியால் காட்டினார். “இது தித்திப்பு இல்ல. காட்டு டாக். தண்டு சிவப்பைப் பாருங்க. அந்த லங்காஷயர் ஆளுக்கு வித்தியாசம் சொல்லிக்குடுங்க.”

அவர்கள் போன பிறகு க்ளிஃபர்ட் அந்தக் குருத்தின் முன்னால் குனிந்து நின்றார். காதெல்லாம் சிவந்திருந்தது.

“மன்னிச்சிடுங்க, மிஸ் ஹெல்லிவெல். இதை இப்பவே பிடுங்கிடுறேன்.”

“ஃப்ரீடான்னு கூப்பிடு. அதுல கை வைக்காதே. தட்டுல இன்னும் இருக்கு, தின்னு.”

“இன்னொரு துண்டு எடுத்துக்கலாமா?”

“தட்டு உன்னுதுதான்ய்யா.”

அந்தக் காட்டு டாக் இன்னும் அங்கேயே நிற்கிறது. பூ விடும்போது மட்டும் விதை பரவாமல் தலையைக் கிள்ளிவிடுவார்கள். மற்றபடி அதற்கும் தண்ணீர் உண்டு, எரு உண்டு. பத்தாம் நம்பருக்கும் ஒன்பதாம் நம்பருக்கும் நடுவே இருந்த வேலியை அடுத்த வருஷமே எடுத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் இவ்வளவு சுத்தமான தோட்டத்தில் இந்த ஒரு களையை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

“களையா? அதை என் வீட்டுக்காரர் நூல் பிடிச்சு நட்டாரு,” என்பாள் ஃப்ரீடா.